11 சென்டிமீட்டர்

“நான் நடந்துதான் சார் வந்தேன். இந்த முட்டிய வெச்சிக்கினு எங்க சார் ஓட்றது?”

என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு அந்தப் பூக்கார அம்மா கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுச் சேலையை முழங்கால் வரை விலக்கிக் காட்டினார். விபத்தில் முறிந்தது வலது கால். அவர் காட்டியது இடது முட்டி. வீங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, பத்து வருடமாகத் தேய்ந்துபோயிருந்த மூட்டு. அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதைக் கோர்ட்டில் நிலைநாட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

மேற்கு மாம்பலம் ஆர்ய கவுடா சாலையில், அயோத்தியா மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளிக் கூடை வைத்துப் பூ விற்கிறவர். வயது 58. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன அடுத்த மாதம், மார்கழி முடியும் முன் ஒரு மாலை. மண்டபத்துப் பக்கம் கூட்டம். மீதிப் பூவை எடுத்துக்கொண்டு சாலை ஓரமாக நடந்து வந்தவர், குறுக்கே ஒரு சிறிய தெரு வரவும் அதைக் கடந்திருக்கிறார். எதிரே வந்த கார் ஒன்று அதே தெருவுக்குள் வலப்பக்கம் திரும்பியது. காரின் வலது முன்மூலை இடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய், பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

காரை ஓட்டியவர் ஒரு வங்கி ஊழியர், 44 வயதுப் பெண்மணி. ஐந்து பேர் உட்காரும் சாதாரண ஹேட்ச்பேக். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் மகளை டியூஷனில் விடவும் வாங்கியது. லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இடித்ததும் ஓடிப் போகவில்லை. அடிபட்டவரைத் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மூன்று நாள் போய்ப் பார்த்தார். இதை எல்லாம் சொல்லக் காரணம், இந்த வழக்கில் பொய் சொன்னவர் என்று யாருமே இல்லை. அதுதான் எனக்கு இருந்த பெரிய சிக்கல்.

எப்ஐஆரில் வழக்கமான வாசகம்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.” நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்த வரி இல்லாத விபத்து எப்ஐஆரைப் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்ததா நின்றதா என்றுகூடப் பார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். அதனால் பாதிக்கப்பட்டவருக்கு நன்மை என்று நினைப்பவர்கள் உண்டு. நன்மை இல்லை. எதிர்த்தரப்பு வேகம் இல்லை என்று காட்டிவிட்டால் எப்ஐஆரின் மதிப்பே குறைந்துவிடுகிறது. வேகம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கவனக்குறைவை நிரூபித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் 1998-லேயே சொல்லிவிட்டது. இந்தக் கார் போன வேகம் 15 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் இழப்பீட்டு மனு போட்டோம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பாயம். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் மனு இரண்டே வரியில் அடங்கியது: மனுதாரர் நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து திடீரென்று சாலையில் ஓடி வந்தார், குறைந்தது பாதிப் பொறுப்பு அவருடையது. தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டால் கிடைக்கிற தொகை அப்படியே பாதியாகும். நாள் கூலிக்காரர்களுக்கு அந்தப் பாதி என்பது ஆபரேஷன் கடன்.

கார் ஓட்டிய அம்மா தானாகவே வந்து கூண்டில் ஏறினார். பெரும்பாலும் வண்டி உரிமையாளர்கள் வருவதில்லை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். இவர் வந்தார். “எதிர்ல வண்டி விடாம வந்துட்டே இருந்தது சார். பின்னாடி ஹாரன். ஒரு கேப் கிடைச்சதும் திரும்பினேன். திரும்பறதுக்கு முன்னாடி அந்தத் தெருவைப் பார்த்தேன். யாருமே இல்லை. இடிக்கிற நேரத்துலதான் அவங்க முகம் தெரிஞ்சது. எங்கேர்ந்து வந்தாங்கன்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை.”

வேனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “பார்த்ததா ஞாபகம் இல்லை” என்றார். இருந்தது என்று சொல்லியிருந்தால் அவருக்கு லாபம். சொல்லவில்லை.

ஒருவர் நடந்து வந்தேன் என்கிறார். இன்னொருவர் பார்த்தேன், யாரும் இல்லை என்கிறார். இரண்டும் சத்தியம். அப்படியானால் அந்த அம்மா எங்கே மறைந்தார்?

அடுத்த வாய்தாவுக்குள் எனக்கு விடை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் ஜூனியரின் காரை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். அவளுடையதும் அதே ரகக் கார்தான். அவளே ஓட்டுகிறவள். பூக்கார அம்மாவின் மருமகளும் வந்திருந்தாள். கனகாம்பரக் கலர் சேலை. தெருமுனையின் அப்புறத்திலிருந்து இப்புறமாக, மாமியார் நடந்த மாதிரியே மெதுவாக நடந்து வரச் சொன்னேன். ஜூனியர், திரும்புவதற்குக் காத்திருக்கும் இடத்தில் காரை நிறுத்தியிருந்தாள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மருமகள் பட்டப்பகலில் தெரிகிறாள்.

“சார், ஆளைக் காணோம்!” என்று உள்ளிருந்து குரல்.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே கூரையைத் தாங்குகிற அந்தச் சாய்வான தூண், மெக்கானிக்குகள் பில்லர் என்று சொல்வது, என் வலது கண்ணுக்கு எதிரே நின்றது. கறுப்பு பிளாஸ்டிக் உறை. தினமும் என் காரில் பார்க்கிற தூண்தான். பார்க்கிறேன் என்பதையே மறந்துபோன தூண். மருமகள் அதற்குப் பின்னால் முழுதாக இருந்தாள். சேலையின் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

டேப் எடுத்து அளந்தோம். தூணின் அகலம் 11 சென்டிமீட்டர். என் கண்ணிலிருந்து தூணுக்கு 65 சென்டிமீட்டர். இரண்டு கண்ணாலும் பார்த்தாலும், 10 மீட்டர் தள்ளி முக்கால் மீட்டர் அகலத்துக்கு உலகம் இல்லாமல் போகிறது. கூடையோடு ஒரு மனுஷி நடந்து வர அது போதும். வண்டி உருண்டால் கூரை நசுங்கக் கூடாது, பக்கவாட்டில் ஏர்பேக் வைக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான் காலப்போக்கில் இந்தத் தூண்கள் தடித்தன. உள்ளே இருப்பவர் உயிரைக் காக்க வந்த தடிப்பு அது.

நின்ற காரில் மறைந்தது சரி. திரும்பும்போது விலகி வெளியே தெரிய வேண்டாமா? அதையும் செய்து பார்த்தோம். கார் வலப்பக்கம் திரும்பத் திரும்பத் தூணும் கூடவே வலப்பக்கம் போகிறது. நடந்து வருகிறவரும் அதே பக்கம்தான் போகிறார். இரண்டின் வேகமும் ஒத்துப்போனால், காத்திருந்த இடத்திலிருந்து இடிக்கிற இடம் வரைக்கும் அவர் தூணின் நிழலிலேயே வருவார். கடலோடிகளுக்கு இது பழைய பாடம். தூரத்தில் வரும் கப்பல் கோணம் மாறாமல் அதே திசையில் தெரிந்துகொண்டிருந்தால் மோதப் போகிறது என்று அர்த்தம். மாம்பலத்தில் அதே கோணத்தில் ஒரு தூணும் இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வாய்தாவில் காப்பீட்டு நிறுவனம் தன் நிபுணரைக் கொண்டுவந்தது. விபத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிக் காட்டும் 40 விநாடிப் படம். டிரைவிங் சிமுலேட்டர்களில் பயன்படுத்துவது போன்ற மென்பொருள். தெரு, கட்டடங்கள், கார், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கார் திரும்புகிறது, வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் உருவம் ஓடி வருகிறது, படம் நிற்கிறது. கோர்ட் ஹாலில் இருந்த எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்த விதம் எனக்குக் கவலை தந்தது. கண்ணால் பார்த்துவிட்டால் நடந்ததாகவே மனசு எடுத்துக்கொள்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின்படி மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய 65பி சான்றிதழ் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தது. அதை ஆவணமாக ஏற்பதை நான் எதிர்க்கவில்லை. ஆவணமாக ஏறுவது வேறு, உண்மையாவது வேறு. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில் நிபுணர் சொல்வது அபிப்பிராயம்தான்.

குறுக்கு விசாரணை கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“போலீஸ் வரைபடத்தில் வேன் இருக்கிறதா?”

“இல்லை.”

“பார்வை மகஜரில்?”

“இல்லை.”

“நீங்கள் வேன் நிறுத்தியிருக்கும் இடத்தில் மகஜர்படி என்ன இருக்கிறது?”

படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “புயலில் விழுந்து வெட்டிப் போட்ட மரத்துண்டுகள்.”

“பிறகு வேன் எங்கிருந்து வந்தது?”

“டிரைவர் பார்த்ததாகச் சொல்கிறார். ஆள் இல்லை என்கிறார். அப்படியென்றால் ஆளை ஏதோ ஒன்று மறைத்திருக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன்.”

“காட்சியை எந்த இடத்திலிருந்து காட்டுகிறீர்கள்?”

“பானெட்டின் நடுவிலிருந்து.”

“டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்தால் முன்கண்ணாடியின் ஓரத்தில் தூண் தெரிய வேண்டுமே. உங்கள் படத்தில் அது எங்கே?”

“அது பார்வையை மறைக்கும் என்பதால் எடுத்துவிட்டோம்.”

நேர்மையான மனிதர். அவர் சொன்ன அந்தப் பதிலை நீதிபதி அம்மா தன் கையாலேயே எழுதிக்கொண்டார். உண்மையில் மறைத்த பொருளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆள் மறைந்தது மட்டும் கணக்கில் மிச்சம் நின்றது. அதைச் சரிக்கட்ட ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. வேன் வந்ததும், அதன் பின்னாலிருந்து வெளிப்பட அந்த மூட்டு தேய்ந்த அம்மாவை ஓட வைக்க வேண்டியதாயிற்று.

இடத்தை நேரில் பார்க்க வேண்டும், காரையும் அங்கே கொண்டுவர வேண்டும் என்று மனு கொடுத்தேன். 169-ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்குச் சுருக்க விசாரணை முறையைத் தந்திருக்கிறது. இடத்தைப் போய்ப் பார்க்கத் தடை ஏதுமில்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி அம்மா அனுமதித்தார்.

ஞாயிறு காலை 7 மணி. மரத்துண்டுகள் எப்போதோ போய்விட்டன. அவை கிடந்த இடத்தைப் போலீஸ் வரைபடத்தில் இருந்த அளவுப்படி சாக்பீஸால் குறித்தோம். காரின் மூன்று நிலைகளைக் குறித்தோம்: காத்திருந்தது, பாதி திரும்பியது, இடித்தது. நடக்கிறவர் விநாடிக்கு 1 மீட்டர் என்று கணக்கிட்டு அவருக்கும் மூன்று இடம். தெருவின் அகலம் 6 மீட்டர்; இடித்த இடம் ஏறக்குறைய நடுவைத் தாண்டி. ஆக, இடிபடும் முன் 3 விநாடிக்குக் குறையாமல் அவர் திறந்த வெளியில் நடந்திருக்கிறார்.

நீதிபதி அம்மா சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னே இழுத்தார். மருமகள் முதல் இடத்தில் நின்றாள். நீதிபதி ஒன்றும் பேசவில்லை. கார் இரண்டாம் நிலைக்கு வந்தது. மருமகள் இரண்டாம் இடத்துக்கு. அப்போதும் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடியை இறக்கி, “அந்தப் பெண்ணை மறுபடி முதல் இடத்திலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள்” என்றார். நடந்தாள். நீதிபதி இந்த முறை தன் தலையை ஒரு சாண் முன்னே கொண்டுவந்து பார்த்தார். தூணுக்கு இடப்பக்கம் கனகாம்பரக் கலர் தெரிந்திருக்க வேண்டும். அவர் புருவம் உயர்ந்ததை நான் பார்த்தேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் திறமைசாலி. அடுத்த வாய்தாவில் வாதத்தையே மாற்றினார். தூண் மறைத்தது என்றால் அது காரின் அமைப்பு; ஓட்டியவர் மீது குற்றம் இல்லை; ஓட்டியவர் மீது குற்றம் இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல, கார் ஓட்டிய அம்மாவை மறுபடி கூண்டுக்கு அழைக்க அனுமதி கேட்டேன்.

எங்கே ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஒரு பயிற்சிப் பள்ளி. முதல் வாரம் சிமுலேட்டர். மூன்று டிவி திரை, ஸ்டியரிங், கிளட்ச், பிரேக். வலப்பக்கம் திரும்புவதை அதில் பல தடவை பழகியதாகச் சொன்னார். பிறகு கார், இடப்பக்க சீட்டில் இரட்டை பிரேக்கோடு பயிற்சியாளர். காலை 6 மணிக்கு, தெரு காலியாக இருக்கும் நேரத்தில். 21 நாள், தினம் அரை மணி. அதிலும் பாதி நேரம் கூட வந்த இன்னொருவர் ஓட்டுவார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 31-ஆம் விதி 21 நாளும், உண்மையாக வண்டி ஓட்டும் நேரமாக 10 மணிக்குக் குறையாமலும் கேட்கிறது. இவர் ஓட்டியது 5 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

“திரையில் தெருவைப் பார்க்கும்போது தலையை அசைத்தால் காட்சி மாறுமா?”

“மாறாது சார். அது டிவி மாதிரிதானே.”

“கார் ஓட்டும்போது, திரும்புவதற்கு முன்னால் தலையை முன்னே பின்னே அசைத்துத் தூணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “யாரும் சொல்லலை சார்.” பிறகு, நான் கேட்காமலே, பூக்கார அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்: “பார்த்தேன்னு சொன்னேனே, நான் தூணைத்தான் பார்த்திருக்கேன்.”

அதன் பிறகு நான் நீண்ட வாதம் செய்யவில்லை. விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த 1989-ஆம் வருடச் சாலை விதிகளைக் காட்டினேன். சந்திப்பை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே நுழைய வேண்டும். தெரியாவிட்டால் நுழையக் கூடாது. தூண் என்பது வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல. ஓட்டுகிறவர் தன் கூடவே கொண்டுவருகிற மறைப்பு. அதைச் சுற்றிப் பார்க்கிற கடமை, தூண் இல்லாமல் நடந்து வருகிறவருக்கு எப்படி வரும்? விபத்து இழப்பீட்டில் குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, எது அதிக சாத்தியம் என்று பார்த்தால் போதும் என 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டினேன்.

சிமுலேட்டர் கூடாது என்பது என் கட்சி அல்ல. கிளட்சும் கியரும் பழகாத ஒருவரை முதல் நாளே தெருவில் இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல். 2021-இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான மத்திய விதிகள் சிமுலேட்டரைக் கட்டாயமாக்கி, இலகு ரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சியும் வைத்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் திரையில் யாரையும் ஹாரன் அடித்துத் துரத்துவதில்லை. இடித்தால் யாருக்கும் எலும்பு முறிவதில்லை. திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கழுத்து, காரிலும் அசையாமல்தான் உட்காரும். ஹாரனுக்கு நடுவே திரும்பப் பழக்கும் பாடத்தை, தூணைச் சுட்டிக் காட்டி, காரில் உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தீர்ப்பு வந்தது. வேன் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. மனுதாரர் ஓடி வந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர் பக்கம் கவனக்குறைவு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கவில்லை. முழுப் பொறுப்பும் வண்டி ஓட்டியவருடையது. 4,86,000 ரூபாய், 7.5 சதவீத வட்டியுடன், காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும்.

சைதாப்பேட்டை கோர்ட்டில் இருந்த குற்ற வழக்கையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கான 338-ஆம் பிரிவுக்கு, அடிபட்டவர் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமாதானம் இருந்தது. பூக்கார அம்மா சம்மதித்தார். “அவங்க வேணும்னு பண்ணலியே சார்” என்றார். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான 279-ஆம் பிரிவுக்கு அப்படிச் சமாதானம் இருக்கவில்லை. கார் ஓட்டிய அம்மா ஒப்புக்கொண்டு 1000 ரூபாய் அபராதம் கட்டினார்.

இதைப் படிக்கிற நீங்கள் கார் ஓட்டுகிறவராக இருந்தால், இன்று மாலை வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் காரில் ஏறி உட்காருங்கள். வீட்டில் ஒருவரைப் பத்து மீட்டர் தள்ளி, வலது தூணுக்கு நேராக மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். அவர் காணாமல் போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு தலையை ஒரு சாண் முன்னே கொண்டுவந்து பாருங்கள். நாளைக்கு வலப்பக்கம் திரும்பும் முன், பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும், அதை ஒரு தடவை செய்துவிட்டுத் திரும்புங்கள்.